போனவர்களுக்காக சைக்கிள் மிதிப்பது

போனவர்களை நினைத்துச் செய்ய நம்மிடம் வழிகளுக்குப் பஞ்சமில்லை. திதி கொடுக்கிறோம். அன்னதானம் போடுகிறோம். கிறிஸ்தவ அன்பர்கள் பூசைக்குப் பணம் கட்டுகிறார்கள், நவம்பர் 2 அன்று கல்லறைக்கு வெள்ளையடித்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். கோயிலுக்கு ட்யூப் லைட் வாங்கிக் கொடுத்து, அது வெளிச்சம் தருகிறதோ இல்லையோ, அதன் மேல் பெயர் மட்டும் பெரிதாகத் தெரியும்படி எழுதுகிறவர்களும் உண்டு. ஆனால் செத்துப் போனவர்களின் பேரால் முந்நூறு கிலோமீட்டர் சைக்கிள் விடுவது என்று சொன்னால் நம் ஊரில் பாதிப் பேர் சிரிப்பார்கள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. இதற்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. எனக்குத் தெரிந்த மட்டில் எழுதுகிறேன்.

முதலில் பிரான்சு தேசத்துக்குப் போவோம். என் பள்ளிக்கூடம் என்னை எப்போதும் அங்கேதான் முதலில் கொண்டுபோய் விடும், பழக்கதோஷம்.

1914 ஜூன் 28 அன்று காலையில் பாரீஸில் தூர் தெ பிரான்சு சைக்கிள் பந்தயம் தொடங்கியது. அதே நாளில்தான் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டுக் கொன்றார்கள். பந்தயம் முடிந்த சில நாளில் யுத்தம் வந்துவிட்டது. சைக்கிள் மிதித்த பிள்ளைகள் எல்லாம் துப்பாக்கியைத் தூக்கினார்கள். 1907-லும் 1908-லும் தூர் பந்தயத்தில் ஜெயித்த பெத்தி-பிரெத்தோன், 1909-ல் ஜெயித்த ஃபபேர், 1910-ல் ஜெயித்த லபீஸ், இந்த மூன்று பேரும் திரும்பவில்லை. ஃபபேர் லக்சம்பர்க் பிரஜை. யுத்தத்துக்குப் போக வேண்டிய கட்டாயமே இல்லாதவர், தானாகவே பிரெஞ்சு அந்நியர் படையில் சேர்ந்து 1915 மே மாதம் மாண்டார். லபீஸ் விமானம் ஓட்டப் போய், 1917-ல், அதுவும் ஜூலை 14 அன்று சுட்டு வீழ்த்தப்பட்டார். பெத்தி-பிரெத்தோன் அதே வருஷம் டிசம்பரில் கார் விபத்தில் போனார். ராணுவ சேவையில் இருந்தபோது நடந்த விபத்து அது.

இனி வருவதுதான் நம் விஷயம். 1918 நவம்பரில் யுத்தம் நின்றது. ஆறு மாதம்கூட ஆகவில்லை, 1919 ஏப்ரல் 28 அன்று 'ல பெத்தி ஜுர்னால்' என்ற பாரீஸ் பத்திரிகை, போர்க்களங்களின் வழியாகவே ஒரு சைக்கிள் பந்தயம் நடத்தியது. 'சிர்க்குயி தே ஷாம் தெ பத்தாய்' என்று பெயர். தமிழில் 'போர்க்களச் சுற்று' என்று சொல்லலாம். ஸ்த்ராஸ்பூர் நகரில் புறப்பட்டு லக்சம்பர்க், பிரஸ்ஸல்ஸ், அமியேன், பாரீஸ், பார்-லெ-துயுக், பெல்ஃபோர் வழியாக மறுபடி ஸ்த்ராஸ்பூர். ஏழு கட்டம், இரண்டு வாரம், ஏறக்குறைய 2000 கிலோமீட்டர்.

சாலை என்று ஒன்று இருந்தால்தானே! குண்டு விழுந்த பள்ளங்களில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. பாலங்கள் இல்லை. ஊர்கள் இருந்த இடத்தில் செங்கல் குவியல். ஓரத்தில் அவசரத்தில் நட்ட மரச்சிலுவைகள். இந்த வழியில் பிரஸ்ஸல்ஸிலிருந்து அமியேன் வரையிலான கட்டம் மட்டும் 323 கிலோமீட்டர், அன்றைக்கென்று எதிர்காற்றும் பனிமழையும். அதில் முதலாவதாக வந்த பெல்ஜியக்காரர் ஷார்ல் தெருய்த்தேருக்கு 18 மணி 28 நிமிஷம் பிடித்தது. முதலில் வந்தவருக்கே அந்தக் கதி என்றால் பின்னால் வந்தவர்களைக் கேட்கவே வேண்டாம். சிலர் கைவிடப்பட்ட பதுங்கு குழிகளில் ஒண்டி இராத்திரியைக் கழித்துவிட்டு மறுநாள்தான் வந்து சேர்ந்தார்கள். புறப்பட்டவர்கள் 87 பேர், கடைசிவரை வந்தவர்கள் 21 பேர். மொத்தத்திலும் தெருய்த்தேர்தான் ஜெயித்தார். பந்தயத்தை அதே உருவில் மறுவருஷம் நடத்த யாரும் துணியவில்லை.

இதை மரியாதை என்று சொல்வதா, பத்திரிகை வியாபாரம் என்று சொல்வதா? இரண்டும்தான். கல்லறை மண் காயும் முன்னே அதன் மேல் பந்தயம் விடுவது எனக்கு ஒப்பவில்லை. பரிசுப் பணத்துக்கு ஆசைப்பட்டு வந்தவர்களே அதிகம்.  ஆனாலும் அந்த ஓட்டக்காரர்களில் பலர் அதே இடங்களில் சண்டை போட்டவர்கள், அல்லது அண்ணன் தம்பியைப் பறிகொடுத்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அவர்கள் என்ன நினைத்துக்கொண்டு மிதித்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.

நம் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு எதிரே இருக்கும் யுத்த நினைவுச் சின்னம் இந்த யுத்தத்துக்காகக் கட்டியதுதான். பிரெஞ்சிந்தியாவிலிருந்து போய் மாண்டவர்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. ஜூலை 14-லும் நவம்பர் 11-லும் மலர்வளையம் வைக்கிறார்கள். பென்ஷன் வாங்கும் முன்னாள் சிப்பாய்கள் மெடல்களைக் குத்திக்கொண்டு வருவதை நம் தலைமுறை பார்த்திருக்கிறது. மாலையில் நடக்கப் போகிறவர்கள் ஒரு நாள் நின்று அந்தப் பெயர்களை வாசித்துப் பாருங்கள், தமிழ்ப் பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் என்ன பாடு பட்டிருக்கின்றன என்று தெரியும்.

பிரான்சிலேயே இதற்கு நேர் எதிரான இன்னொரு ஆளும் இருந்தார். போல் தெ விவி என்பது பெயர், எல்லாரும் அழைத்தது வெலோசியோ. 1853-ல் பிறந்தவர். சேன்த்-எத்தியேன் ஊரில் பட்டு ரிப்பன் வியாபாரம் செய்து, அதை விட்டுவிட்டு சைக்கிளையே பிழைப்பாக்கிக்கொண்டவர். 1887-ல் ஒரு சைக்கிள் பத்திரிகை தொடங்கினார். மாமிசம் தொடமாட்டார். பந்தயம் என்றாலே பிடிக்காது. நீண்ட தூரம், நிதானம், இயற்கையைப் பார்த்துக்கொண்டே போவது, இதுதான் அவர் மதம். பல கியர் வைத்த சைக்கிளுக்காக வாதாடியவர்களில் முக்கியமானவர். பந்தயக்காரர்கள் அதை ஆண்மைக் குறைவு என்று கேலி செய்த காலம் அது! 1930-ல் எழுபத்தாறாவது வயதில் டிராம் மோதி இறந்தார். அவர் இருக்கும்போதே அவரைக் கொண்டாடச் சிஷ்யர்கள் வருஷாவருஷம் ஊருக்கு வெளியே உள்ள 1161 மீட்டர் உயரக் கணவாய் ஒன்றில் சைக்கிளில் ஏறுவது வழக்கம். அவர் போன பிறகும் நிறுத்தவில்லை, நினைவு நாளாகத் தொடர்ந்தார்கள். யாரும் தோற்காமல், யாரும் ஜெயிக்காமல் போனவரை நினைத்து மிதிக்கும் வழக்கம் என்றால் எனக்கு இதுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

அவர் சொல்லிவிட்டுப் போன நெடுவழி விதிகளில் ஒன்று: பசிப்பதற்கு முன்பே சாப்பிடு, தாகத்துக்கு முன்பே குடி. இதை இப்போது ஆங்கிலத்தில் பெரிய நிபுணர்கள் எல்லாம் புதிதாகக் கண்டுபிடித்தாற்போல் சொல்லுகிறார்கள்.

இனி அமெரிக்கா.

பாஸ்டன் பக்கத்து இளைஞர் பில்லி ஸ்டார். அவருடைய அம்மா 1974-ல் மெலனோமா என்னும் தோல் புற்றுநோயில் 49 வயதிலேயே போய்விட்டார். தொடர்ந்து குடும்பத்தில் வேறு சிலரையும் அதே வியாதி கொண்டுபோனது. பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு தூர தூரமாகப் போக ஆரம்பித்தார். 1980-ல் நண்பர்களையும் தெரிந்தவர்களையும் சேர்த்து 36 பேராக, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்கிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கிழக்குக் கோடியில் கடலுக்குள் மடக்கிய கை போல நீண்டிருக்கும் கேப் காட் முனையின் பிராவின்ஸ்டவுன் வரை போனார்கள். 350 கிலோமீட்டர், இரண்டு நாள். ஒவ்வொருவரும் தெரிந்தவர்களிடம் "நான் இவ்வளவு தூரம் போகிறேன், நீ இவ்வளவு கொடு" என்று கேட்டு வசூலித்த பணம் 10,200 டாலர். அதை டானா-ஃபார்பர் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தார்கள். 'பேன்-மாஸ் சேலஞ்ச்' என்று பெயர். பரிசு கிடையாது, முதலிடம் கடைசியிடம் என்ற கணக்கும் கிடையாது.

இன்று அதே யாத்திரையில் ஒவ்வொரு ஆகஸ்டு முதல் வாரக் கடைசியிலும் 6000 பேருக்கு மேல் போகிறார்கள். 2024-ல் மொத்த வசூல் 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. எழுதும்போதே பூஜ்யத்தை இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன், அலுவலகப் புத்தி போகாது.

இதை எனக்கு இவ்வளவு விவரமாகச் சொன்னது என் தங்கையின் பேத்தி. பாஸ்டனில் வேலை பார்க்கிறாள். வருகிற ஆகஸ்டில் போகப் போகிறாள். யாருக்காக என்று கேட்டேன். "நம்ம ஆயாவுக்குத்தான் தாத்தா" என்றாள். ஆயா என்று அவள் சொன்னது என் மனைவியை. இவளைச் சிறு வயதில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி வளர்த்தது அவள்தான். போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மார்பில் வந்தது எலும்புக்குப் போய், கடைசி ஆறு மாதம் எப்படிப் போனது என்பதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

என் தங்கை வீட்டில் இது பெரிய விவாதம் ஆகிவிட்டது. "காசு கொடுக்கணும்னா கொடுத்துட்டுப் போறது, இதுக்கு எதுக்குடி ரோட்டில உயிரை விடணும்?" என்பது தங்கையின் கட்சி. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் அந்தப் பெண் தயாராகும் விதத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதையும் கொஞ்சம் சொல்லுகிறேன்.

தூரம் சுமார் 300 கிலோமீட்டர், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுவையிலிருந்து சென்னை போய், மறுநாள் திரும்பி வருகிற மாதிரி. முதல் நாள் 170, 180 என்று வரும். இரண்டாம் நாள் பாக்கி. நேற்று வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த உடம்பு இதைத் தாங்காது. ஆகவே நாலைந்து மாதம் முன்பே தொடங்க வேண்டும். பாஸ்டனில் பனி கொட்டும் காலம் என்பதால் முதல் இரண்டு மாதம் வீட்டுக்குள்ளேயே, பின்சக்கரத்தை ஒரு சாதனத்தில் மாட்டி, நகராத சைக்கிளை மிதித்தாள். பனி விட்டதும் சாலை. வாரநாளில் இரண்டு தடவை ஒரு மணி நேரம், சனிக்கிழமை நீண்ட தூரம். அந்த நீண்ட தூரத்தை 30-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஜூலைக்குள் 130-க்குக் கொண்டுவர வேண்டும். மூன்று வாரம் ஏற்றினால் நாலாவது வாரம் குறைக்க வேண்டும். அடுத்தடுத்த நாள் மிதிக்கப் பழகுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். சனிக்கிழமை 100 போனவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மறுபடி சீட்டில் உட்காரும்போது கண்ணில் தண்ணீர் வந்ததாம்.

சீட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சீட்டின் உயரம் ஒரு விரற்கடை தவறினால் முட்டி போய்விடும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும், முழுக்க நீட்டவும் கூடாது, குந்தவும் கூடாது. நாமெல்லாம் மணிக்கணக்கு வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டவர்கள், நமக்கு இந்தக் கணக்கெல்லாம் யார் சொன்னார்கள்! உட்காரும் இடத்தில் பஞ்சு வைத்துத் தைத்த அரைக்கால் சட்டை போடுகிறார்கள், உராயாமலிருக்க அதற்கென்று ஒரு களிம்பு வேறு. மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், கொஞ்சம் உப்பு சேர்த்து. அரை மணிக்கு ஒரு தடவை வாயில் ஏதாவது போட்டுக்கொள்ள வேண்டும். அவள் வாழைப்பழமும், இங்கிருந்து போன கடலை உருண்டையும் வைத்துக்கொள்கிறாள். வெலோசியோ கேட்டால் மகிழ்ந்து போவார். பஞ்சர் ஆனால் டயரைக் கழற்றி வேறு ட்யூப் மாற்ற அவளுக்கு இப்போது எட்டு நிமிஷம் போதும். அப்பன் வீட்டில் பல்பு மாற்றத் தெரியாத பெண்!

கும்பலாகப் போவதற்கும் தனிப் பயிற்சி. முன்னால் போகிறவர் பள்ளத்தைக் கையால் காட்ட வேண்டும், பின்னால் வருகிறவர் அதைத் தனக்குப் பின்னால் வருகிறவருக்குக் காட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான பேர் இப்படிக் கைமாற்றிக் கைமாற்றிப் போவார்களாம்.

இதெல்லாம் உடம்பு விஷயம். பண விஷயம் இதைவிடக் கண்டிப்பு, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். பதிவு செய்யும்போதே சில ஆயிரம் டாலர் வசூலிப்பதாக ஒப்புக்கொண்டு, கடன் அட்டை எண்ணையும் கொடுத்துவிட வேண்டும். கெடுவுக்குள் அந்தத் தொகை சேராவிட்டால் குறைவதை அந்த அட்டையிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். சாக்குப்போக்கு கிடையாது. முப்பத்து நாலு வருஷம் அரசாங்கத்தில் குமாஸ்தாவாகக் கோப்பு தள்ளியவன் சொல்லுகிறேன், நன்கொடை வாக்குறுதிகளில் பாதி கைதட்டலோடு முடிந்துவிடும். இங்கே வாக்குக்கு ஜாமீன் இருக்கிறது. மிதிக்கிறவர்கள் வசூலிக்கும் பணத்தில் பந்தல், சாப்பாடு, காவல் செலவு எதையும் கழிப்பதில்லை, அவ்வளவும் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. நடத்துகிற செலவு பதிவுக் கட்டணத்திலும் கம்பெனிகளின் உதவியிலும் தனியாகச் சேர்கிறது. எந்தத் தணிக்கை அதிகாரியும் பேனாவை மூடி வைத்துவிடுவார்.

இவள் இதுவரை 140 பேருக்கு மேல் கடிதம் எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு கடிதத்திலும் தன் ஆயாவைப் பற்றி நாலு வரி. என் மனைவி மீன் குழம்பில் மாங்காய் போடும் பக்குவம், தெருவில் யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் கஷாயத்தோடு போய் நிற்பது, இதையெல்லாம் பார்த்தேயிராத வெள்ளைக்காரர்கள் படித்துவிட்டுப் பணம் அனுப்புகிறார்கள். பதிலுக்குத் தங்கள் வீட்டில் போனவர்களைப் பற்றியும் எழுதுகிறார்கள். அந்தப் பெயர்களை எல்லாம் ஒரு ரிப்பனில் எழுதிச் சட்டையின் முதுகில் தைத்துக்கொண்டு போகப் போகிறாளாம். போன மாதம் எண்ணியபோது 23 பெயர். ஒரேயடியாகப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் இந்த 23 பேர் எங்கே வந்திருப்பார்கள்? தங்கையிடம் இதைத்தான் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் இன்னும் இரண்டு கிலோ கடலை உருண்டை பிடித்தாள்.

பணம் போய்ச் சேரும் இடத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் சரித்திரம் பாதியில் நிற்கும். இதில் நமக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது.

அந்த ஆஸ்பத்திரி சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் தொடங்கியது. 1948 மே மாதம் அமெரிக்க வானொலியில், ஜிம்மி என்ற புனைபெயரில் ஒரு புற்றுநோய்ச் சிறுவனின் படுக்கையைச் சுற்றி பாஸ்டன் பேஸ்பால் ஆட்டக்காரர்கள் கூடிப் பேசினார்கள். ஆட்டத்தைப் பார்க்க அவனுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும் என்று கேட்டதும் நாடே காசு அனுப்பியது. ஒன்றிரண்டல்ல, 2 லட்சம் டாலருக்கு மேல். அந்த 'ஜிம்மி நிதி' வழியாகத்தான் சைக்கிள்காரர்களின் பணமும் போகிறது. சிறுவன் இறந்துவிட்டான் என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஐம்பது வருஷம் கழித்து 1998-ல், அந்த ஜிம்மி நான்தான் என்று மெய்ன் மாநிலத்து லாரி டிரைவர் ஒருவர், ஐனார் குஸ்தாஃப்சன், வந்து நின்றார்!

அதே 1948 ஜூனில் ஃபார்பர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்து கொடுத்ததில் 10 பேருக்குத் தற்காலிகமாகவேனும் குணம் தெரிந்தது. அதுவரை அந்த வியாதிக்கு மருந்து என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அந்த மருந்தை ஃபார்பருக்குச் செய்து கொடுத்தது லெடர்லே கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடம், அதன் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல் பீமாவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மெட்ரிகுலேஷனை மூன்றாவது முயற்சியில் தேறி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்திக்காகக் கதர் சட்டை போட்டு ஆங்கிலப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானதில், எழுத்துத் தேர்வு நன்றாகச் செய்தும் முழு எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கொடுத்தார்கள். 1923-ல் கப்பலேறி ஹார்வர்டுக்குப் போனவர் திரும்பவேயில்லை. இங்கே மனைவி காத்துக்கொண்டேயிருந்தார்.

அவர் கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர் எட்டு நாள் இடைவெளியில் 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோயில் போனார்கள். சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாமல் ஆளை உருக்கிவிடும் வியாதி அது. அவரையும் அது விடவில்லை, பிழைத்துக்கொண்டார். அந்த வியாதிக்கு மருந்தாகும் ஃபோலிக் அமிலத்தை 1945 வாக்கில் அவருடைய குழு செயற்கையாகத் தயாரித்தது. அந்த ஃபோலிக் அமிலத்தையே சற்று மாற்றி, அதற்கு எதிராக வேலை செய்யும்படி செய்ததுதான் அமினோப்டெரின். அதன் பங்காளியான மெத்தோட்ரெக்சேட்டை இன்றும் புற்றுநோய்க்குக் கொடுக்கிறார்கள். முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு நாள் சின்ன மஞ்சள் மாத்திரை விழுங்குகிற அன்பர்கள் இதைப் படிப்பவர்களில் சிலராவது இருப்பீர்கள், அதுவும் இதேதான்.

ஃபார்பரின் கட்டுரை வந்த இரண்டு மாதத்தில், 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 53. பில்லி ஸ்டார் அப்போது பிறந்திருக்கவில்லை.

பேத்திக்கு இந்தக் கதை தெரியாது. சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, அந்தப் பெயரை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். ரிப்பனில் இப்போது 24.